ஸ்டிக்கர் மெசினுக்கு எந்த சொப்ட்வெயர்?

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களின் இளைஞர் யுவதிகளுக்கான சுயதொழில் வழிகாட்டல் வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஸ்டிக்கர் வெட்டும் மெசின், அதாவது வினைல் ப்ளொட்டர் ஒன்றை வாங்கித் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை நமது பகுதியில் பல இளைஞர்களுக்கு இருப்பதை நான் அறிவேன். நல்ல ஆசைதான். த்ரீவீலருக்குப் பெயர் ஒட்டவும், கடைக்குப் போர்ட் போடவும், கோயில் திருவிழாவுக்கும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் நம்ம ஆட்கள் பண்டாரவளைக்கோ வெல்லவாயவுக்கோ போய் வருகிறார்கள். பஸ் காசும் போகிறது, ஒரு நாள் பேரும் போகிறது. அந்த வேலையை இங்கேயே செய்து கொடுத்தால் நாலு பேர் பிழைக்கலாம்.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "சேர், எந்த மெசின் நல்லது? எத்தனை இஞ்சி வாங்கலாம்?" என்பதுதான். எந்த சொப்ட்வெயர் வேணும் என்று இது வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. மெசினோடு ஒரு டிஸ்க் வரும், அதை கொம்பியூட்டரில் போட்டால் சரி என்று நினைக்கிறோம். ஆங்கிலம் மட்டும் வெட்டப் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். தமிழும் சிங்களமும் வெட்டப் போகிற நமக்கு அது சரிவராது. அதனால்தான் இன்றைக்கு மெசினைப் பற்றிக் கொஞ்சமும், சொப்ட்வெயரைப் பற்றி நிறையவும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் இந்த மெசின் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். வினைல் தாளை உருளைகள் முன்னும் பின்னும் இழுக்கும். சின்னக் கத்தி ஒன்று இடமும் வலமும் ஓடும். மேலே இருக்கும் வினைல் மட்டும் வெட்டுப்படும், அடியில் இருக்கும் தாள் வெட்டுப்படாது. பிறகு வேண்டாத பகுதியை நாம் கையால் உரித்து எடுத்து, ஒட்டும் டேப்பினால் எழுத்தைத் தூக்கிப் பலகையில் ஒட்டுகிறோம். அவ்வளவுதான். மெசினுக்கு 'அ' என்றும் தெரியாது, 'ஆ' என்றும் தெரியாது. கத்தியைத் தூக்கு, கத்தியை இறக்கு, இந்த இடத்துக்குப் போ என்ற மூன்று சொல்தான் அதற்கு விளங்கும். ஹியூலட் பக்கார்ட் கம்பனி பேனா பிடித்து வரையும் மெசின்களுக்காக உருவாக்கிய எச்.பி.ஜீ.எல். என்ற கட்டளை மொழியைத்தான் இன்றைக்கும் மலிவான ஸ்டிக்கர் மெசின்களில் அநேகமானவை பேசுகின்றன. அந்த மொழியில் 40 அலகு சேர்ந்தால் 1 மில்லிமீற்றர். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

ஆகவே எழுத்தைக் கோடாக மாற்றி, எந்தக் கோட்டை முதலில் வெட்டுவது, எதைப் பிறகு வெட்டுவது என்று சொல்லிக் கொடுப்பது முழுக்க முழுக்க சொப்ட்வெயரின் வேலை. எழுத்து உடைந்து வந்தால் மெசினைத் தட்டிப் பிரயோசனமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. அவருடைய அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் மகனுக்கு மெசின் வாங்கிக் கொடுத்தார். ஒரு டவுன் கடையில் மெசினும் பழைய டிஸ்க் ஒன்றும் கொடுத்து, ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்று அழகாக வெட்டிக் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து முதல் வேலையாக 'தோட்டம்' என்று அடித்திருக்கிறார். கொம்பு ஒரு பக்கம், 'த' ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அந்த வட்டத்தையும் சேர்த்து மெசின் வெட்டி வைத்தது! கடைக்காரர் "அது தமிழ்ப் பிரச்சினை, எங்களுக்குத் தெரியாது" என்று கையை விரித்துவிட்டார். எட்டு மாதம் அந்த மெசின் காம்பராவில் துணி போர்த்திக் கிடந்தது. அம்மாவின் முப்பது வருஷம் அப்படி மூலையில் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் தம்பி இப்போது நன்றாக வேலை செய்கிறார். மெசினை மாற்றவில்லை, சொப்ட்வெயரைத்தான் மாற்றினார்.

அந்த வட்டம் ஏன் வருகிறது? 'தோ' என்று நாம் பார்க்கும் எழுத்தில் கண்ணுக்கு மூன்று துண்டு தெரிகிறது. முன்னால் கொம்பு, நடுவில் த, பின்னால் கால். ஆனால் யுனிகோட் என்னும் உலக முறையில் கொம்பியூட்டர் முதலில் 'த' வை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் 'ஓ' குறியை வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டு போய் வைப்பது சொப்ட்வெயரின் பொறுப்பு. யுனிகோட்டில் தமிழ் 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் பல ஸ்டிக்கர் சொப்ட்வெயர்களுக்கு இந்த வேலை பழக்கப்படவில்லை. எழுத்துக்களை வந்த வரிசையில் வைத்துவிடும். கொம்புக்கு ஆள் கிடைக்காத இடத்தில்தான் அந்தப் புள்ளி வட்டம் வருகிறது. 'கொழுந்து', 'வெளியேறும் வழி', 'பொறுப்பு' எல்லாம் இப்படித்தான் உடையும். சிங்களத்திலும் இதே கதைதான். 'ஸ்ரீ லங்கா' என்பதில் வரும் 'ஸ்ரீ' சிங்களத்தில் ஒன்றோடொன்று பின்னிய எழுத்து. சில சொப்ட்வெயர்களில் அது பிரிந்து போய் நிற்கும். மும்மொழிப் போர்ட் கேட்டு வருகிற வாடிக்கையாளருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

"அதுக்குத்தானே சேர் பாமினி இருக்கு" என்று சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். பாமினி எழுத்துரு இலங்கையில் கல்யாணக் கார்ட் முதல் பத்திரிகை வரைக்கும் நமக்கு உழைத்துக் கொடுத்த எழுத்துரு. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அதில் கொம்பைத் தனியாக முதலில் அடிக்கிறோம், பிறகு எழுத்தை அடிக்கிறோம். கொம்பியூட்டர் அதை ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொள்வதால் எந்தப் பழைய சொப்ட்வெயரிலும் உடையாமல் வரும். ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி ஆங்கிலத்து அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் ஒன்றும் தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் அதைத் 'துப்புரவு' செய்யப் போனால் முதலில் போவது புள்ளிதான். இன்றைக்கு வாடிக்கையாளர் போனில் வட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் யுனிகோட். அதை அப்படியே பாமினிக்குள் ஒட்ட முடியாது. ஒன்றில் மாற்றி எடுக்க வேண்டும், அல்லது திரும்பவும் அடிக்க வேண்டும். திரும்ப அடிக்கும் இடத்தில் பிழை வரும்.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். எழுத்தை அமைக்கும் வேலையையும் வெட்டும் வேலையையும் பிரித்துவிடுங்க. ஒரே சொப்ட்வெயர் இரண்டையும் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

எழுத்தை அமைப்பதற்கு இன்க்ஸ்கேப் என்ற சொப்ட்வெயர் இருக்கிறது. 2003 முதல் உலகம் முழுவதும் பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கி வருவது. திருட்டு டிஸ்க் தேவையில்லை, காசும் தேவையில்லை. யுனிகோட் தமிழும் சிங்களமும் அதில் ஒழுங்காக வரும். போனில் வந்த சொற்களை எடுத்து ஒட்டலாம். எழுத்துருவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். கூகிளின் நோட்டோ சான்ஸ் தமிழ், இந்தியாவில் எக் டைப் குழுவினர் செய்த பலூ தம்பி, முக்த மலர் எல்லாம் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. ஸ்டிக்கர் வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது பலூ தம்பி. தடித்த எழுத்து, மூலைகள் உருண்டை. கத்தி சுற்றி வருவதற்கும் லேசு, உரிக்கும்போது கிழியாது.

அமைத்து முடிந்ததும் அந்த எழுத்தை 'பாத்' ஆக, அதாவது வெறும் கோடாக மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு அது எழுத்து அல்ல, படம். எந்த மோசமான வெட்டும் சொப்ட்வெயராலும் அதை உடைக்க முடியாது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரிலும் அப்படியே நிற்கும். ஆனால் கோடாக மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றையும் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்க.

அடுத்தது 'யூனியன்'. இதைப் பலர் மறந்துவிடுவார்கள். 'கு', 'டி', 'ணீ' மாதிரி எழுத்துக்களில் குறியும் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் கறுப்பாகத் தெரிவதால் நமக்கு விளங்காது. கத்திக்கு இரண்டு கோடும் தெரியும், இரண்டையும் வெட்டும். உரிக்கும்போது எழுத்தின் நடுவில் துண்டு கழன்று வரும். 'யூனியன்' கொடுத்தால் இரண்டும் ஒரே உருவமாகச் சேர்ந்துவிடும். வெட்டுவதற்கு முன் திரையில் நிறத்தை எடுத்துவிட்டு, வெறும் கோட்டை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்க. குறுக்கே கோடு போனால் அப்போதே தெரிந்துவிடும்.

சில பேர் போனில் வந்த படத்தை அப்படியே 'ட்ரேஸ்' பண்ணி வெட்டுகிறார்கள். வேண்டாம். கோடு பல்லுப் பல்லாக வரும், கத்தி நடுங்கும், எழுத்தின் விளிம்பு எலி கடித்த மாதிரி இருக்கும்.

இனி வெட்டும் சொப்ட்வெயர். இதில் நமது நாட்டுச் சந்தையில் பல வகை உண்டு. பழைய சீன மெசின்களோடு ஆர்ட்கட் வரும். பழைய விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடும், டிஸ்க்கை உள்ளே வைத்திருக்கச் சொல்லும், டிஸ்க்கில் கீறல் விழுந்தால் தொழிலும் நின்றுவிடும். புதிதாக வரும் பல மெசின்களோடு சைன்மாஸ்டர் உரிமம் ஒன்று சேர்ந்து வருகிறது. பெட்டிக்குள் இருக்கும் அந்த உரிம இலக்கத்தைத் தொலைத்துவிடாதீங்க, படம் எடுத்து வையுங்க. ரோலண்ட் மெசினுக்கு கட்ஸ்டூடியோ, கிராப்டெக் மெசினுக்கு அவர்களுடைய சொந்த சொப்ட்வெயர் என்று பெரிய கம்பனிகள் தங்கள் மெசினுக்கு ஏற்றதைத் தாங்களே கொடுக்கின்றன. பெரிய கடைகள் ஃப்ளெக்ஸி பாவிக்கின்றன. அது நல்ல சாமான், ஆனால் நமது கைக்கு எட்டாத விலை, ஆரம்பத்தில் தேவையுமில்லை. அச்சகங்களில் கோரல் ட்ரோ இருக்கிறது. அதிலிருந்து ப்ளொட்டர் கோப்பாக அனுப்பலாம். ஒன்றும் இல்லாவிட்டால், எச்.பி.ஜீ.எல். பேசும் மெசினாக இருக்கும் பட்சத்தில், இன்க்ஸ்கேப்பில் இருந்தே நேராக ப்ளொட்டருக்கு அனுப்பும் வசதியும் உண்டு. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் வேலை நடக்கும்.

இவற்றில் எதை எடுப்பது? பெயரைப் பார்த்து எடுக்காதீங்க. சுருண்ட எழுத்தை அது எப்படி வெட்டுகிறது என்று பாருங்க. கத்தியின் முனை, அதைப் பிடித்திருக்கும் தண்டின் நடுவில் இல்லை, கால் மில்லிமீற்றர் அளவு பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். அந்த வித்தியாசத்தை சொப்ட்வெயரோ மெசினோ ஈடுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் சதுரத்தின் மூலை உருண்டுவிடும், வட்டம் மூடாமல் நிற்கும். ஆங்கிலத்தில் பெரிய குறையாகத் தெரியாது. நம்ம 'ண' வை எடுங்க, எத்தனை சுழி! ஒவ்வொரு சுழியும் மூடாமல் நின்றால் உரிக்கும்போது எழுத்தே கூட வரும். வெட்டத் தொடங்கிய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வெட்டும் 'ஓவர்கட்' வசதி இருக்கிறதா என்று கேளுங்க.

மாதக் கட்டணம் வாங்கும் சொப்ட்வெயர்களும் இப்போது வந்துவிட்டன. அதற்கு டொலரில் கார்ட் வேண்டும், அடிக்கடி இன்டர்நெட்டில் போய் உரிமத்தைச் சரிபார்க்கும். நம்ம டிவிஷன்களில் மழைக்காலத்தில் சிக்னல் இருக்கிறதா என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தடவை வாங்கி, இன்டர்நெட் இல்லாமலும் ஓடுவதை எடுங்க. திருட்டுப் பிரதியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வைரஸ் வந்தால் வாடிக்கையாளர் கோப்பெல்லாம் போகும், கேட்பதற்கு ஆளும் இருக்காது.

காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே பரீட்சை வைக்க வேண்டும். கடைக்காரர் ஆங்கிலத்தில் வெட்டிக் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீங்க. போனில் 'கொஸ்லந்தை', 'தோட்டம்', 'பௌர்ணமி', 'ஸ்ரீ', 'மண்சரிவு' என்று எழுதிக்கொண்டு போங்க. சிங்களத்தில் ஸ்ரீ லங்கா என்பதையும் வைத்துக்கொள்ளுங்க. இரண்டு அங்குல உயரத்தில் வெட்டச் சொல்லி, உரித்து, கையில் வாங்கிப் பாருங்க. நேராக அந்த சொப்ட்வெயரில் அடித்தும் பாருங்க, இன்க்ஸ்கேப்பில் கோடாக்கிய கோப்பைக் கொடுத்தும் பாருங்க. முதலாவது உடைந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது உடைந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடலாம். நீளமான வேலை ஒன்றும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கொம்பியூட்டருக்கும் மெசினுக்கும் இடையில் பேச்சு வேகம் ஒத்துப் போகாவிட்டால் சின்ன வேலை சரியாக வரும், பெரிய வேலையில் பாதி வழியில் கத்தி கண்டபடி ஓடும். மலிவான யு.எஸ்.பி. கேபிளில் இந்தத் தொல்லை அதிகம்.

இவ்வளவு நேரம் கடைப் போர்ட்டைப் பற்றிப் பேசினேன். இனி நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், நமது ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் அன்றைக்கு மண்வெட்டியோடு ஓடியவர்கள். நான் அதை விவரிக்கப் போவதில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, லயத்தில் மக்கள் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதை நீங்களே கண்டீர்கள். வீடும் காணியும் கொடுக்க வேண்டிய இடத்தில் போர்ட் கொடுத்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட் வீடாகாது. ஆனால் வீடு வரும் வரைக்கும் மழை பெய்யாமல் இருக்கப் போவதில்லையே.

கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், அது மஞ்சள். 100 மில்லிமீற்றர் ஆனால் எச்சரிக்கை, வெளியேற ஆயத்தமாக வேண்டும், அது செம்மஞ்சள். 150 மில்லிமீற்றர் ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், வெளியேறிவிட வேண்டும், அது சிவப்பு. இதை அறிவதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேலும் கீழும் ஒரே அகலமான, நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, அதில் மூன்று நிறக் கோடு ஒட்டினால் எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் படித்துக்கொள்வார். வாய் அகன்று அடி ஒடுங்கிய போத்தலில் இந்த அளவு பொருந்தாது, அதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மூன்று கோட்டையும் வெட்டப் போவது உங்கள் மெசின்தானே. இந்த இடத்தில்தான் சொப்ட்வெயர் தெரிவு ஒரு உயிர்ப் பிரச்சினையாகிறது. இன்க்ஸ்கேப் 2017 இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைக்கிறது. அதற்கு முன் 90. வேறு சில சொப்ட்வெயர்கள் அதே கோப்பை 72 என்று வாசிக்கும். அப்படி வாசித்தால் என்ன நடக்கும்? 75 ஐ 96 ஆல் பெருக்கி 72 ஆல் வகுத்துப் பாருங்க. சரியாக 100 வரும். நீங்க 75 இல் போட்ட மஞ்சள் கோடு 100 இல் போய் நிற்கும். 150 இல் நிற்க வேண்டிய சிவப்பு 200 இல் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நிறமும் சரியாக இருக்கும், எழுத்தும் உடையாது. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. நடுச்சாமத்தில் தண்ணீர் 150 ஐத் தாண்டியிருக்கும், லயத்தில் இருப்பவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இன்னும் சிவப்புக்கு வரவில்லை" என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்க. எந்த சொப்ட்வெயராக இருந்தாலும், புதிதாகப் போட்ட அன்றும், பதிப்பு மாற்றிய அன்றும், மெசினுக்குப் புது உருளை போட்ட அன்றும் 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி, இரும்பு அடிக்கோலால் நான்கு பக்கமும் அளந்து பாருங்க. 98 வந்தால் மெசினின் அளவுத் திருத்தத்தில் சரிசெய்யலாம். 133 வந்தால் அது கோப்பின் பிரச்சினை. 106 அல்லது 107, இல்லையென்றால் 94 மாதிரி வந்தால் பழைய இன்க்ஸ்கேப் கோப்பு என்று சந்தேகப்படுங்க. வெட்டும் சொப்ட்வெயரில் அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீற்றரில் காட்டும் பெட்டி இருக்க வேண்டும். அது இல்லாத சொப்ட்வெயரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஒட்டி முடிந்த பிறகும் பாத்திரத்தின் உள்ளே, அடித்தளத்தில் இருந்து ஒரு தடவை அளக்க வேண்டும்.

வழிகாட்டும் போர்ட்டுக்கும் சில வார்த்தை. தூரத்தில் இருந்து தெரிவதற்கு, பத்து அடிக்கு ஒரு அங்குல எழுத்து நன்றாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. தமிழில் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால் இன்னும் கூட்டி வையுங்க. நமது பக்கத்தில் பனிமூட்டம் வேறு. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் தெரிய வேண்டுமானால் ஒளி தெறிக்கும் வினைல் வேண்டும். அது தடிப்பானது, சாதாரண 45 பாகைக் கத்திக்குப் பதிலாக 60 பாகைக் கத்தி போட்டு, மெதுவாக வெட்ட வேண்டும். புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்த புள்ளி மழையிலும் வெயிலிலும் முதலில் கழன்று விழுவதை நான் பார்த்திருக்கிறேன். வளையமாகப் புள்ளி போடும் எழுத்துருவை விட்டு, நிறைந்த புள்ளி உள்ளதை எடுங்க. தேவைப்பட்டால் கோடாக மாற்றிய பிறகு புள்ளியை மட்டும் பிடித்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று என்று 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் போர்ட்டுகளில் நமது மொழி படும் பாடு உங்களுக்குத் தெரியும். பஸ் ஆசனத்தில் 'கர்ப்பிணித் தாய்மார்' என்று இருக்க வேண்டியது 'நாய்மார்' ஆகி, அந்தப் படம் நாடெல்லாம் சுற்றியது. தமிழ் தெரியாதவருக்கு 'தா' வும் 'நா' வும் ஒரே மாதிரித் தெரிகிறது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வெட்டும் இடத்தில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இந்தப் பிழையை எந்த சொப்ட்வெயரும் பிடித்துத் தராது. அதனால்தான் நம்ம பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நீங்களும் வெட்டுவதற்கு முன் வேறு ஒருவரைக் கூப்பிட்டு, திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்க. அமைத்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. சிங்களத்தை சிங்கள நண்பர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்க வையுங்க. அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மெசின் வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் என்னிடம் வந்து பரீட்சைச் சொற்கள் உள்ள தாளை வாங்கிக்கொண்டு போங்க. சிங்களச் சொற்களும் அதில் இருக்கின்றன. ஏற்கனவே மெசின் வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிக்கோலும் உங்கள் லெப்டொப்பும் கொண்டு வாங்க, 100 மில்லிமீற்றர் சதுரத்தை எல்லோருமாக வெட்டி அளந்து பார்ப்போம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மூன்று நிறத்திலும் துண்டு வினைல் இருந்தால் எறியாமல் எடுத்து வாங்க. ஒரு கோட்டுக்கு ஒரு சாண் போதும். மேல் டிவிஷன் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லயத்தில் இருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். போர்ட்டின் அடியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பெரிதாக வெட்டுங்க. எண் எந்த சொப்ட்வெயரிலும் உடையாது.